தாளம் இல்லாத பெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதம். கொடைக்கானலில் பூஜை விடுமுறைக் கூட்டமெல்லாம் மலையிறங்கிப் போய், ஊர் எங்களுக்கே திரும்பக் கிடைத்திருந்த நேரம். ஏரிக்கு மேல்புறம் இருக்கும் ஒரு காட்டேஜ் விடுதியின் வரவேற்பறையில் நான் வேலை பார்க்கிறேன். அந்த நாட்களில் சாவி கேட்டுக்கூட யாரும் வரமாட்டார்கள். நான் ஹீட்டரைக் காலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, போனில் ஒரே விஷயத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். விலை குறைந்த லூப்பர் பெடலில் எது நல்லது?

லூப்பர் என்றால் காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டி. கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுவார்கள். ஒரு முறை மிதித்தால் நாம் வாசிப்பதைப் பதிய ஆரம்பிக்கும். மறுபடி மிதித்தால் பதிந்ததையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றுக்குப் பெயர்தான் லூப். அதற்கு மேல் நாம் வேறொன்றை வாசிக்கலாம். கூட வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்கென்றே கண்டுபிடித்த சாமான்.

நாற்பத்தைந்து வயதில் உனக்கெதற்கு இது என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தோம். எல்லாரும் ஒரே சர்ச்சின் பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். பாடுகிறவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லீடு கிடார்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ட்ரம்ஸ் வாசித்தவர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டினார். பாட்டுக்கு அடிக்குரல் கொடுக்கிற பேஸ் கிடாருக்குத்தான் ஆளில்லை. அந்தச் சமயம் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியர் வீட்டுச் சாமான்களைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். கட்டில், மேஜையோடு ஒரு பழைய பேஸ் கிடாரும் வந்து சேர்ந்தது. குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடிக்கொண்டிருந்த என் கழுத்தில் அதை மாட்டிவிட்டார்கள். ஆல்ட்டோ பாடுகிறவளுக்குத்தான் பாட்டுக்கு அடியில் என்ன ஓடுகிறதென்று தெரியுமாம். பாடகர் சொன்ன காரணம் அது. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நிஜம்.

பேஸும் ட்ரம்ஸும் ஒரே ஆளின் இரண்டு கால் மாதிரி. ட்ரம்ஸ்காரரின் வலது கால் அந்தப் பெரிய ட்ரம்மை மிதிக்கிற அதே நொடியில் என் விரலும் கம்பியில் விழ வேண்டும். அதற்கு அவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் பார்க்காமலே தெரிய வேண்டும். அப்படிப் பழகித்தான் நான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

வாசிக்க உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ஆண், பெண் கணக்கெல்லாம் கிடையாது. எல்லாரும் "ஏலே"தான். நான் கொஞ்சம் பின்தங்கினால் "ஏலே, வெரசா!" என்று குச்சியை நீட்டுவார். வீட்டில் "ஏ புள்ள", மேடையில் "ஏலே". கல்யாணத்துக்கு வந்த என் அத்தை ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதும் கோபமா என்று என் அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தாள்.

மே மாத சீசனில் ஏதாவது ஓட்டல் புல்வெளியில் வாசிப்போம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாக. பழனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாப்பாட்டோடு ஆளுக்கொரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்து அனுப்பினார்கள். மலையேறி வருவதற்குள் லீடு கிடார்காரர் தன் டப்பாவைக் காலி செய்துவிட்டு எங்கள் டப்பாக்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜீப்பின் தலையில் தார்ப்பாய் போட்டுக் கட்டிய ட்ரம்ஸ், உள்ளே ஒருத்தர் மடியில் ஒருத்தர் சாமான். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளைப் பனி.

ஒரு முறை கூக்கால் கிராமத்தில் பள்ளி ஆண்டு விழா முடித்துத் திரும்பும் வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. அந்தப் பாதையில் பஸ்ஸே எப்போதாவதுதான். டிரைவரான எங்கள் ட்ரம்ஸ்காரர் டயரை உருட்டிக்கொண்டு, வந்த ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வயலோரத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தோம். பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். டயரோடு அவர் திரும்பி வருவது வளைவில் தெரிந்ததும் ஒரு அம்மா, "ஏன் இம்புட்டு வெரசா வாராரு? சாயங்காலமா வந்தா என்னவாம்?" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

எல்லாம் மெல்ல மெல்லக் கலைந்தது. பாடகர் மகனோடு கனடா போனார். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டூடியோவுக்கு ஆள் வரவில்லை. லீடு கிடார்காரர் கோயம்புத்தூருக்குக் குடிபோனார். நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பதோடு சரி. அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

நான் பெடல் தேடிக்கொண்டிருந்ததற்கு முந்தைய வருடம், டாக்ஸி ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. கூட இருந்த டிரைவர்கள்தான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு காட் ரோட்டில் இறங்கினார்கள். அவர்களால் உயிர் தப்பியது. பேச்சுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது கையும் இடது காலும் பழைய மாதிரி வரவில்லை. கால், கைத்தடியோடு நடக்கிற அளவுக்குத் தேறியது. இடது கையில் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. காரை விற்றோம்.

ட்ரம்ஸை விற்க அவருக்கு மனம் வரவில்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சபைக்குக் கொடுத்துவிடச் சொன்னார். "அது எதுக்குக் கண்ணு முன்னாடி கெடக்கு? வாசிக்கிறவங்க கையில இருக்கட்டும்" என்றார். வண்டியில் ஏற்றுகிற நேரம் அவர் முன்பக்கம் வரவில்லை. பின்னால் சவ்சவ் கொடியில் ஒற்றைக் கையால் காய் பறித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கூடை நிறையப் பறித்துவிட்டார். ஒரு வாரம் அதையேதான் சமைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் சர்ச்சுக்கு வருவதும் நின்றது. படி ஏற முடியவில்லை என்றார். படி மூன்றுதான்.

நானும் கிடாரைத் தொடவில்லை. பட்டினி கிடக்கிறவர் எதிரில் இலை போட்டு உட்காருவது மாதிரி இருந்தது. கடைசியில் அவரே ஒரு நாள், "ஏன் அத உறையிலயே போட்டு வெச்சிருக்க? கம்பி துருப்பிடிச்சிரும்" என்றார். எடுத்து வாசித்தேன். ஆனால் பேஸை மட்டும் தனியாக வாசிப்பது குழம்பில்லாமல் வெறும் சோறு தின்பது போல. நாலு நிமிடத்துக்கு மேல் இறங்காது. அதனால்தான் அந்தத் தேடல்.

தேடித் தேடி, விஷயம் ஓரளவு பிடிபட்டது. பெயர் பெற்ற கம்பெனிப் பெடல்கள் எங்கள் கைக்கு எட்டாது. அதற்கடுத்து இரண்டு வகை. ஒன்று, தீப்பெட்டிக் கட்டு அளவில், மிதிக்க ஒரே ஒரு பித்தான் உள்ள சின்னப் பெட்டி. இன்னொன்று கொஞ்சம் பெரியது. இரண்டு பித்தான், உள்ளேயே ட்ரம்ஸ் தாளங்கள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. பேஸ் வாசிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வாங்குங்கள் என்றுதான் எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். விலை குறைந்த சில பெட்டிகளில் பேஸின் அடிக்குரல் மெலிந்துவிடும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள் என்றும் சொன்னார்கள். அதனால் மதுரைக்குப் போவதென்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் பெடல் பார்க்கப் போகிறேன் என்றேன். "ம்" என்றார்.

வெள்ளனே கிளம்பும் பஸ்ஸில், கிடாரை உறையோடு தூக்கிக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் என்னையும் அதையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, வீணையா?"

"கிடாருண்ணே."

"நிக்க வெச்சுக்கங்க. படுக்க வெச்சா ரெண்டு டிக்கெட்டு போடுவேன்."

வத்தலக்குண்டு வரை ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனேன்.

கடையில் இருந்தவர் முப்பது வயதுத் தம்பி. பொறுமைசாலி. நான் கேட்டதையெல்லாம் எடுத்து மாட்டிக் காட்டினார். சின்னப் பெட்டியில் குரல் மெலியவில்லை. நன்றாகவே இருந்தது. ஆனால் அவருக்கு இரண்டாவது பெட்டியைக் காட்டுவதில்தான் ஆசை.

"பேஸுக்கு இதுதான்க்கா. தாளம் உள்ளுக்குள்ளயே இருக்கு பாருங்க. ட்ரம்மர் இன்னும் வரல, அவருக்கு உடம்பு சரியில்ல, இந்தச் சோலியே கெடையாது. ஆளே வேணாம்க்கா."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். என் வீட்டு நிலவரம் அவருக்கு எப்படித் தெரியும்? பித்தானை மிதித்தார். ட்ரம்ஸ் ஓட ஆரம்பித்தது. நான் வாசித்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்தது. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, என் விரலுக்குக் கீழே ஒரு தாளம் ஓடி. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். உடம்பெல்லாம் சூடேறியது. கண்ணைத் திறந்தபோது நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் அவர் உட்காருகிற பக்கம். அங்கே அட்டைப்பெட்டிகளில் கீபோர்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

இந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவர் உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். முன்னறையில் தப்பே விடாத ஒரு ட்ரம்ஸ் ஓடும். பெண்டாட்டி அதோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருப்பாள். அதை அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"சின்னதே போதும் தம்பி."

"இன்னும் கொஞ்சம் போட்டா அது கெடைச்சிருமேக்கா. இதுல தாளம் கெடையாதே."

"வீட்ல ட்ரம்மர் இருக்கார்."

"அப்ப லூப்பர் எதுக்குக்கா?"

நான் கிடாரை உறைக்குள் போட்டேன். என் முகம் என்னமோ மாறியிருக்க வேண்டும். அந்தத் தம்பி மேலே எதுவும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டும்போது, இதோடு அடாப்டர் வராது, வீட்டில் கிடப்பதைச் சொருகிவிடாதீர்கள், முனை மாறினால் பெட்டி போய்விடும் என்று சொல்லி, காட்சிக்கு வைத்திருந்த பெடலிலிருந்து அடாப்டரைக் கழற்றி என் பைக்குள் போட்டார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் பெடலை மேஜையில் வைத்தேன். அவர் வலது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தாளமெல்லாம் வருமா?"

"வராது."

"தாளம் வர்றது இருக்குமே?"

"இருந்துச்சு."

"பெறகு அதையே வாங்கிருக்கலாம்ல? அறிவு கெட்டவளே. இத வெச்சு என்ன செய்வ?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் தடியை ஊன்றி உள்ளே போய்விட்டார். நான் யாரை நினைத்து அதை வாங்காமல் வந்தேனோ, அவருக்கே அது பிடிபடவில்லை. அல்லது நன்றாகவே பிடிபட்டு, அதுதான் அவருக்கு வலித்ததோ என்னவோ.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முன்னறையில் உட்கார்ந்து பழகினேன். போனில் பார்க்கும்போது விளையாட்டுப் போல இருந்தது. செய்தால்தான் தெரிகிறது. நாலு சுற்று வாசித்து, ஐந்தாவது சுற்றின் முதல் தட்டில் சரியாக மிதிக்க வேண்டும். ஒரு இமைப்பொழுது பிந்தினாலும், சுற்று முடிகிற இடத்தில் ஒரு இடைவெளி விழுந்துவிடும். பெட்டி அதைத் திருத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து வரும். முந்தினால் ஒரு தட்டு விழுங்கிப்போகும். எனக்கு விரல் ஒழுங்காக இருந்தது. கால்தான் வரவில்லை. இத்தனை வருடமும் தாளத்தை இன்னொருவர் காலிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வாசித்தவள்தானே நான்!

கார்த்திகை பிறந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். தகரக் கூரையில் மழைச் சத்தம். நான் பதிகிறேன், தடுக்குகிறது, அழிக்கிறேன், மறுபடி பதிகிறேன். உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"லேட்டு."

கேட்காதது போல மறுபடி பதிந்தேன்.

"லேட்டு."

மறுபடி.

"இப்ப முந்திட்ட."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்புட்டுத் தெரிஞ்சா நீங்களே வந்து அமுக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

கத்திய மறு நொடி கிடாரைக் கீழே வைத்தேன். மழையோடு, தடுக்கிய லூப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் முனகியது. அப்புறம் தடி தரையில் ஊன்றுகிற சத்தம். மெதுவாக, ஒவ்வொன்றாக. கதவருகில் வந்து நின்றவர், ஓடிக்கொண்டிருந்த லூப்பை ஒரு சுற்று கேட்டார்.

"என்னய மாதிரியே நொண்டுது" என்றார்.

சிரித்தார். உடம்புக்கு முடியாமல் போன பிறகு, தன் காலைப் பற்றி அவர் பேசியதே இல்லை. சிரித்தும் இல்லை. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவர் உட்கார்ந்து வலது காலின் சாக்ஸைத் தானே கழற்றினார். பெடலைக் காலால் கொஞ்சம் முன்னால் தள்ளி, கொஞ்சம் பின்னால் இழுத்து, ட்ரம்ஸுக்கு முன் உட்காரும்போது செய்வது போலவே இடம் பார்த்து வைத்தார்.

"ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு."

வாசித்தேன். முதல் தட்டில் மிதித்தார். சுற்று முடிகிற இடத்தில் மறுபடி மிதித்தார். நான் கையை எடுத்துவிட்டேன். பெட்டி வாசித்தது. தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

"ஏலே, என்ன வேடிக்க? மேல வாசி" என்றார்.

எத்தனை நாளாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை. வாசித்தேன்.

அடுத்த சில நாட்களில்தான் அந்த இன்னொரு விஷயம் நடந்தது. அதுவும் தற்செயல்தான். பதிந்துகொண்டிருக்கும்போது அவர் பழக்கதோஷத்தில் வலது கையால் என் கிடாரின் மரத்தில் தட்டிவிட்டார். லூப் திரும்பி வந்தபோது பேஸோடு சேர்ந்து "டொப்" என்று ஒரு சத்தமும் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் கம்பிகளை இடது கையால் அமுக்கிச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று அடித்தார். பெரிய ட்ரம்மின் அடி. விரல் நுனியால் கம்பியைச் சுண்டினார். அது "டிக்" என்று சின்னதாகக் கேட்டது. முதலில் அவர் தாளத்தைப் பதிந்தோம். அதற்கு மேல் என் பேஸ். ஒரே கிடாரில் மூன்று கை. அவருடைய ஒன்று, என்னுடைய இரண்டு. கடையில் கேட்ட அந்த இன்னொரு பெட்டிக்குள் இருந்த எந்தத் தாளத்திலும் அந்தக் குறும்பு வந்திருக்காது. மூன்றாவது தட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார். அது அவருக்கே உரியது. கூக்கால் ஆண்டு விழாவில் பிள்ளைகள் எழுந்து ஆடியது அந்தத் தட்டுக்குத்தான்.

தை மாதம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கறி, பழம், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் வெளியில் ஏலம் விடுவார்கள். எங்கள் மலையிலேயே இருக்கும் போளூரிலிருந்து என் வீட்டுக்காரரின் டாக்ஸி ஸ்டாண்டு சிநேகிதர் ஒருவர் வருடா வருடம் ஒரு மூட்டை பூண்டு கொடுத்தனுப்புவார். அவர் கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் மூட்டை தப்பாது. அன்றைக்கு வாலிபர் குழு பாடும் ஒரு பாட்டுக்கு என்னை வாசிக்கக் கேட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசிக்கிறோம் என்று நான் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் பெரிய சண்டை.

"எல்லாரும் பாத்து உச்சுக் கொட்டவா? நான் வரல."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "யாரும் என்னயக் கையப் புடிச்சு ஏத்தப்படாது. மைக்குல என்னயப் பத்தி ஒரு வார்த்த பேசப்படாது. சரின்னா வாரேன்" என்றார். சரி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

அன்றைக்கு அந்த மூன்று படியையும் அவர் ஏறியபோது சர்ச்சே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பலகை மேடையில் ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். தாளத்தைப் பதிந்தார், மிதித்தார், நான் சேர்ந்துகொண்டேன். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். இரண்டு சரணம் நன்றாகப் போனது.

மூன்றாவது சரணத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. எங்கோ மரக்கிளை கம்பியில் சாய்ந்ததாம், அப்புறம் சொன்னார்கள். லூப் அறுந்தது. என் பேஸ் செத்தது. மைக் இல்லை. பிள்ளைகளின் குரல் ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. ஐயோ, பிடிவாதமாகக் கூட்டி வந்து இப்படி ஆக்கிவிட்டேனே என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் நிறுத்தவேயில்லை.

வலது கால் பலகை மேடையை மிதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெற்றிடமுள்ள பழைய மரம், "தம், தம்" என்று சர்ச் முழுக்க அதிர்ந்தது. வலது கை பெஞ்சை அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தட்டு கொஞ்சம் தள்ளித்தான் விழுந்தது. ஒரு தட்டுகூடத் தவறவில்லை. ஜெனரேட்டர் போடு என்று யாரோ ஓடினார்கள். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் கை தட்ட, அப்படியே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் குரல் திரும்பி வந்தது. பெரியவர்களும் சேர்ந்து பாடினார்கள். நான் கிடாரை மடியில் போட்டுக்கொண்டு ஆல்ட்டோ பாடினேன்.

பாட்டு முடிவதற்கு முன்னால் கரண்ட் வந்துவிட்டது. ஸ்பீக்கர் உறுமியது. பெடலின் சிவப்பு விளக்கு எரிந்தது. மிதிக்கிறீர்களா என்று கண்ணால் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடித்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. தை மாசக் குளிரில்!

வெளியே வந்ததும் அவருடைய டிரைவர் சிநேகிதர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர்கூட உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. "கடைசில ஏன்யா அம்புட்டு வேகம்? பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கிருச்சு" என்று ஒருவர் குறை சொன்னார். அவருக்கு மகா சந்தோஷம். "வேகமில்லயா, நீங்கதான் இழுத்தீங்க" என்று அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, ஏலத்தில் தேவையில்லாமல் ஒரு பரங்கிக்காயை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவருடைய இடது கை சரியாகிவிடவில்லை. சில நாட்கள் எதற்கென்று தெரியாமல் எரிந்து விழுவார். அப்போது நான் பின்பக்கம் போய்விடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை அவர்தான் கிளப்புகிறார். சாயங்காலங்களில் முன்னறையில் வாசிக்கிறோம். கனடாவிலிருந்து பாடகர் போனில் கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேர் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றால் நம்பவில்லை.

மதுரைக் கடையில் தாளம் உள்ள அந்தப் பெட்டியை நான் வாங்கி வந்திருந்தால், அது ஒரு நாளும் பிந்தியிருக்காது, தடுக்கியிருக்காது. உள்ளறையிலிருந்து "லேட்டு" என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.